மலையில் சாதி இல்லையா? நீலகிரி மக்கள்தொகை சொல்லும் கதை

(நீலகிரி மாவட்டத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீலகிரியின் மக்களும் சமூகங்களும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். தோடர்கள் எருமை வளர்ப்பார்கள், கோத்தர்கள் பானை செய்வார்கள், குறும்பர்கள் தேன் எடுப்பார்கள், படகர்கள் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடையில் ஊர்வலம் போவார்கள். சுற்றுலாத் துறையின் துண்டறிக்கையிலும் அதுதான் இருக்கிறது, பள்ளிப் பாடப் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகளை வரிசையாக வைத்த மாதிரி சொல்லி முடித்துவிட்டு, "மலையிலே சாதி கிடையாது, எல்லாரும் அண்ணன் தம்பியாக வாழ்கிறார்கள்" என்று ஒரு வரியையும் சேர்த்துவிடுவார்கள்.

அந்த வரிசையில் ஒரு பெரும் கூட்டத்தைக் காணவில்லை. அது யார் என்று சொல்வதற்காகத்தான் நான் வந்திருக்கிறேன். அதற்கு முதலில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. தமிழ்நாட்டில் பெரம்பலூருக்கு அடுத்து மக்கள் குறைந்த மாவட்டம் அப்போது இதுதான். இந்த ஏழே கால் லட்சம் பேரில் பழங்குடியினர் எத்தனை பேர்? 4.46 விழுக்காடு. அதாவது 33 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு சமூகங்கள், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறுமே இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்தான்.

சரி, பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? 32.08 விழுக்காடு. 2.35 லட்சத்துக்கும் மேல். மூன்று பேரில் ஒருவர், தோழர்களே! தமிழ்நாட்டின் சராசரி 20 விழுக்காடுதான். திருவாரூருக்கு அடுத்தபடியாகத் தலித் மக்கள் விகிதம் அதிகமுள்ள மாவட்டம் எது என்று கேட்டால் எல்லாரும் நாகப்பட்டினம் என்பார்கள், பெரம்பலூர் என்பார்கள். விடை நீலகிரி. அதனால்தான் நீலகிரி நாடாளுமன்றத் தொகுதி தனித் தொகுதி. கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் தனித் தொகுதி.

இந்த 32 விழுக்காடும் முழுக் கணக்கு இல்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் பட்டியல் சாதியினராக எண்ணப்படுவார்கள். ஒரே லைனில், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வாழும் அண்ணன் தம்பியில் அண்ணன் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார், தம்பி தேவாலயத்துக்குப் போகிறார் என்றால், அண்ணன் பட்டியல் சாதி, தம்பி பிற்படுத்தப்பட்டவர். தோட்டங்களில் கிறித்துவர்களான தலித்துகள் ஏராளம். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்த மலையின் முகம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

தஞ்சை, நாகை, திருவாரூர் என்றால் பண்ணையடிமை, வெண்மணி, குத்தகைப் போராட்டம் என்று நமக்கு ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. நீலகிரி என்றால் பூங்கா, படகு இல்லம், மலை ரயில். இவ்வளவு பெரிய தலித் மக்கள்தொகை உள்ள ஒரு மாவட்டம் சாதியைப் பற்றிய நம் பேச்சில் வருவதே இல்லை. ஏன்?

பண்டமாற்றும் தீட்டும்

"வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே சாதி இல்லை, பண்டமாற்றுதான் இருந்தது" என்பார்கள். தோடர் நெய் கொடுத்தார், படகர் தானியம் கொடுத்தார், கோத்தர் இரும்புக் கருவியும் பானையும் கொடுத்தார், குறும்பர் காட்டுப் பொருள் கொடுத்தார் என்று உலகத்து மானுடவியலாளர்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் எழுதிய புத்தகம் 1906இல் வந்தது. அதற்குப் பிறகு மாண்டெல்பாம் கோத்தர்களைப் பற்றியும், ஹாக்கிங்ஸ் படகர்களைப் பற்றியும் விரிவாக எழுதினார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதே புத்தகங்களில் வேறு சில செய்திகளும் இருக்கின்றன.

கோத்தர் சமைத்ததைத் தோடரும் உண்ணமாட்டார், படகரும் உண்ணமாட்டார். காரணம் என்ன? கோத்தர் செத்த மாட்டின் இறைச்சியை உண்பவர், சாவு வீட்டில் இசைப்பவர், தோல் வேலை செய்பவர். இந்தக் காரணத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? சமவெளியில் பறையரையும் சக்கிலியரையும் பற்றிச் சொன்ன அதே காரணம்தானே! இரும்பு உருக்கி, கலப்பைக்குக் கொழு அடித்து, பானை வனைந்து, மரம் இழைத்து, தோல் பதனிட்டு, இசையும் வாசிக்கத் தெரிந்த ஒரு சமூகம் அந்த மலையிலேயே அதிகத் தொழில் அறிந்த சமூகம். அதற்குக் கிடைத்த பட்டம் தீட்டு. 1930களை ஒட்டிப் படகர்கள் சாவுக்குக் கோத்தர் இசையை அழைப்பதை நிறுத்தினார்கள். கோத்தர்களுக்குள்ளும் செத்த மாட்டிறைச்சியைக் கைவிட வேண்டும், பழைய வழக்கங்களை மாற்ற வேண்டும் என்று படித்தவர்கள் கிளம்பினார்கள். இழிவு என்று சொல்லப்பட்ட வேலையை மறுப்பதில் விடுதலை தொடங்குகிறது என்பதற்குச் சமவெளியில் மட்டும் இல்லை, மலையிலும் சான்று இருக்கிறது.

குறும்பர்கள் சூனியம் வைப்பார்கள் என்று அச்சம். ஊரில் நோய் வந்தால், மாடு செத்தால் பழி குறும்பர் மேல். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பழியைச் சுமத்திக் குறும்பர் குடும்பங்களைக் கூட்டமாகக் கொன்ற நிகழ்வுகள் அரசு ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன. கூடலூர்ப் பக்கம் பணியர்கள். பெயரிலேயே பணி இருக்கிறது. வயநாட்டு வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில் ஓராண்டுக்கு ஒருமுறை பணியர் குடும்பங்களை நிலவுடைமையாளர்கள் விலைபேசி அமர்த்திக்கொண்ட வழக்கம் அனைவரும் அறிந்ததுதான். படகர்களுக்குள்ளேயும் மேலே இருப்பவர், கீழே ஏவல் செய்பவர் என்று பிரிவுகள் இருந்ததை அவர்களைப் பற்றிய நூல்களே சொல்கின்றன. தோடர்களின் பால் கோயிலுக்குள் பெண்களுக்கு இடம் இல்லை.

இது சமவெளிச் சாதிமுறையின் அச்சு அசல் நகல் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே பார்ப்பனர் உச்சியில் இல்லை. கோத்தருக்குச் சொந்த ஊர் இருந்தது, சொந்த நிலம் இருந்தது, சொந்தத் தெய்வம் இருந்தது. சமவெளிச் சேரிக்கு அது எதுவும் இல்லை. அந்த வேறுபாடு பெரியது. ஆனால் மேல் கீழ் என்ற அடுக்கும், தொட்டால் தீட்டு என்ற எண்ணமும் மலை ஏறி வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வுக்குக் கடல் மட்டத்திலிருந்து இத்தனை அடி என்று எல்லை கிடையாது.

சேரியிலிருந்து லைனுக்கு

1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலை ஏறி வந்தார். 1868இல் நீலகிரி கோவையிலிருந்து பிரிக்கப்பட்டது. 1870களில் ஓவேலியும் தென்கிழக்கு வயநாடும், அதாவது இன்றைய கூடலூர், பந்தலூர் பகுதிகளும் நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. ஓவேலி என்பது ஆக்டர்லோனி என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியின் பெயரிலிருந்து வந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஊர்ப் பெயரே முதலாளியின் பெயர்.

காப்பி, சிங்கோனா, தேயிலை என்று தோட்டங்கள் பெருகின. காட்டை வெட்ட, பாதை போட, கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். மைசூரிலிருந்தும் கோவை, சேலம் மாவட்டங்களிலிருந்தும் ஆள் பிடித்து வந்தார்கள். 1876-78 பெரும் பஞ்சம் பிடித்துத் தள்ளிய மக்களும் வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பகுதி நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தவர் கங்காணி. அந்த முன்பணம் தீராத கடன். துரை பங்களா மேட்டிலே, கணக்கப்பிள்ளை வீடு நடுவிலே, லைன் வீடு பள்ளத்திலே. ஊருக்கு வெளியே சேரி இருந்த மாதிரி, பங்களாவுக்குக் கீழே லைன். 1901இல் மாவட்டத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்துப் பதினோராயிரம். நூறு ஆண்டு கழித்து ஏழு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். ஏறத்தாழ ஏழு மடங்கு. இவ்வளவு பேரும் குளிர் காற்று வாங்க வந்தவர்கள் இல்லை.

ஆனால் இந்த மலை இன்னொன்றையும் செய்தது. சமவெளியின் ஊர்க் கட்டுப்பாட்டிலிருந்து விலகி, கூலி வாங்கி, எழுதப் படிக்கக் கற்று, நிமிர்ந்து நிற்க ஒரு சிறு இடம் கொடுத்தது. அந்தச் சிறு இடத்திலிருந்து எழுந்தவர்தான் அயோத்திதாசப் பண்டிதர். திருக்குறள் ஏட்டுச் சுவடியை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்த கந்தப்பனின் பேரன். வெள்ளை அதிகாரி ஒருவரிடம் சமையல் பொறுப்பில் இருந்தவர் அந்தக் கந்தப்பன். பண்டிதர் வளர்ந்ததும் சிந்தித்ததும் இந்த மலையில். இரட்டைமலை சீனிவாசனும் இளம் வயதில் இங்கே கணக்கராக வேலை பார்த்தவர்.

1891 டிசம்பர் 1ஆம் நாள் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைப் பண்டிதர் நீலகிரியில் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள். கல்வி வேண்டும், அரசு வேலை வேண்டும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கும் உரிமை வேண்டும், நீதிமன்றத்துக்குள்ளும் அரசு அலுவலகத்துக்குள்ளும் தடையின்றி நுழைய வேண்டும் என்று கேட்ட தீர்மானங்கள். அந்தத் தீர்மானங்களைக் காங்கிரசுக்கும் அனுப்பினார். அதற்கும் பத்து ஆண்டுகள் முன்பே, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, எங்களை இழிபெயரால் எழுதாதே, ஆதித் தமிழர் என்று எழுது என்று கேட்டவர் அவர். பிறகு சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னார். யார் எண்ணுகிறார்கள், என்ன பெயரில் எண்ணுகிறார்கள் என்பது அரசியல் என்று இந்த நாட்டில் முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் இந்த மலையின் மனிதர். பூங்காவுக்கு வருகிற இலட்சக்கணக்கான பேருக்கு ஊட்டியில் சல்லிவனைத் தெரிகிறது. பண்டிதரைத் தெரியவில்லை.

கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தவர்கள்

1971இல் மாவட்டத்தின் மக்கள்தொகை 4.94 லட்சம். 1981இல் 6.30 லட்சம். பத்தே ஆண்டில் 27 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கிறது. அதே பத்தாண்டில் தமிழ்நாடு முழுவதும் கூடியது 17 விழுக்காட்டுச் சொச்சம். இந்த இடைவெளியில் நிற்கிறவர்கள்தான் தாயகம் திரும்பியோர்.

1948இல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று ஆடு மாடு பிரிப்பது போலப் பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்ற கழகமானது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழரில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். ஆகவே திரும்பி வந்தவர்களிலும் பெரும்பகுதி அவர்களே.

அங்கே "இந்தியாக்காரன்", இங்கே "சிலோன்காரன்". மூன்று தலைமுறை ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. சாதிச் சான்றிதழுக்குப் போனால், தாத்தாவின் ஊர் எது, ஆவணம் எங்கே என்று கேட்கிறார்கள். தாத்தா பஞ்சத்தில் கப்பல் ஏறும்போது ஆவணத்தை எடுத்துக்கொண்டா போனார்? பிள்ளை பொறியியல் கல்லூரியில் சேரும் வயதில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைகிற குடும்பங்கள் இந்த அரங்கிலேயே இருக்கின்றன.

வீடு? அது தோட்டத்தின் வீடு. வேலை இருக்கும்வரை வீடு. 58 வயதில், 60 வயதில் ஓய்வு கொடுத்துவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்காகவே மகனோ மருமகளோ தோட்ட வேலையில் தொடர வேண்டியிருக்கிறது. அப்பன் தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டும் என்று மனு எழுதி வைத்தான். இங்கே அதை மனு சொல்லவில்லை, லைன் வீட்டின் சாவி சொல்கிறது! இந்த நிலையில், 2022இல் டான்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. நட்டம் என்றார்கள். மறுவாழ்வுக்கென்று தொடங்கிய தோட்டத்துக்கு இலாப நட்டக் கணக்கு மட்டும் பார்த்தால், இரண்டு தலைமுறையின் உழைப்பை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கூடலூர்: ஜமீன் போனது, பட்டா வரவில்லை

கூடலூர், பந்தலூர் நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மமாக இருந்தது. 1969இல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் அதன் 17ஆம் பிரிவில் வருகிற நிலங்களின் வழக்கு இன்றுவரை தீரவில்லை. பெரிய தோட்ட நிறுவனங்களின் குத்தகை நிலமும், சிறு விவசாயியின் ஒரு ஏக்கரும், குடிசை போட்ட கூலிக்காரரின் மூன்று சென்ட்டும் ஒரே பிரிவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. நிறுவனம் வழக்கறிஞர் வைத்து வழக்கு நடத்தும். கூலிக்காரர் வீட்டுக்கு மின் இணைப்புக்கூடக் கிடைக்காமல் மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைப்பார்.

நாடு முழுவதும் காடு பற்றிய தீர்ப்புகளுக்கெல்லாம் தாய் வழக்கு என்று சொல்லப்படும் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு இந்தக் கூடலூர்க் காட்டிலிருந்துதான் 1995இல் உச்ச நீதிமன்றம் போனது. வழக்குப் போட்டவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். காடு அழிவதைத் தடுக்க வேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காடு என்று ஒரு நிலத்துக்குப் பெயர் வைத்தவுடன் அங்கே வாழும் பணியரும் காட்டுநாயக்கரும் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முதுமலை 2007இல் புலிகள் காப்பகமானது. 2006இலேயே வன உரிமைச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டப்படி உரிமை வழங்குவதை நீதிமன்றத் தடை 2016 வரை முடக்கி வைத்தது. விலங்குக்கு விரைவாகக் கிடைத்த அறிவிக்கை மனிதருக்குப் பத்து ஆண்டு தாமதம்.

1988 டிசம்பரில் கூடலூரில் ஆயிரக்கணக்கான பழங்குடி மக்கள் நிலம் கேட்டு ஊர்வலம் போனார்கள். அதுவரை கூடலூர்க் கடைத்தெருவில் தலை குனிந்து நடந்தவர்கள். அதன் பிறகு அவர்கள் சொந்தமாக மருத்துவமனையும் பள்ளியும் நடத்தும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். சமூகம் என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் பேச வேண்டும். பழங்குடியினரின் நிலத்தில் பின்னால் வந்து குடியேறியவர்களில் கேரளத்திலிருந்து வந்த வசதியானவர்களும் உண்டு, ஒன்றுமில்லாமல் வந்த தாயகம் திரும்பியோரும் உண்டு. வனத்துறை நெருக்கும்போது இருவரையும் மோத விடுவது எளிது. "இது எங்கள் நிலம், நீ சிலோன்காரன்" என்று ஒருவர், "நீ காட்டுக்குள் போ" என்று இன்னொருவர். ஒருவரது பட்டாவை இன்னொருவருக்கு எதிராக நிறுத்துவதால் இலாபம் அடைகிறவர் யார்? ஆயிரக்கணக்கான ஏக்கரை வைத்திருப்பவர். தலித்தும் பழங்குடியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, முதல் உரிமை பழங்குடிக்கு, வாழ்விட உரிமை உழைப்பாளி எல்லாருக்கும் என்று பேசி முடிக்காத வரைக்கும் 17ஆம் பிரிவு தீராது.

கிராமமா, நகரமா?

இன்னொரு வேடிக்கை. 2011 கணக்கின்படி நீலகிரியில் 59 விழுக்காட்டுக்கு மேல் நகர மக்கள்! வெளியூர்க்காரருக்குச் சொன்னால் நம்பமாட்டார். நான்கு நகராட்சி, பதினொரு பேரூராட்சி என்று அன்றைக்குப் பிரித்திருந்தார்கள். கிராம ஊராட்சிகள் 35 மட்டும். நெல்லியாளம் ஒரு நகராட்சி. போய்ப் பாருங்கள், தேயிலைத் தோட்டம், லைன் வீடு, காடு, யானைப் பாதை. ஓவேலி ஒரு பேரூராட்சி. அங்கே எந்த வீதியில் நகரம் இருக்கிறது?

இது வெறும் பெயர் விவகாரம் இல்லை. நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் தொடங்கியதிலிருந்து ஊரகப் பகுதியில்தான் நடந்தது. பேரூராட்சி, நகராட்சி என்று எழுதப்பட்ட லைன் வீட்டுக்காரருக்கு அது இல்லை. தேயிலை விலை விழுந்து தோட்டம் முடங்கிய நாட்களிலும் இல்லை. ஏட்டில் நகரம் என்று எழுதியதால் மருத்துவமனை வரவில்லை, பேருந்து வரவில்லை. வந்தது வீட்டு வரியும் குடிநீர் வரியும். கணக்கெடுப்பில் ஒரு பெட்டியில் போடும் குறி கஞ்சிப் பானை வரைக்கும் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஏன் குறைந்தோம்?

2001இல் 7,62,141. 2011இல் 7,35,394. பத்து ஆண்டில் 26 ஆயிரத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. தமிழ்நாடு 15.6 விழுக்காடு வளர்ந்த அதே பத்தாண்டில், மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். பிள்ளைகள் பிறக்காமல் இல்லை. பிறந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது, எழவில்லை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நலிந்து மூடப்பட்டது. மேட்டுப்பாளையம், கோவை, திருப்பூர் என்று இளைஞர்கள் பஸ் ஏறினார்கள். ஆயிரம் ஆண்களுக்கு 1,042 பெண்கள் என்ற கணக்கைப் பார்த்து மகிழ்ச்சி அடைகிறவர்கள் உண்டு. ஆண்கள் வேலை தேடிப் போய்விட, பெண்கள் கூடையைச் சுமந்துகொண்டு தங்கிவிட்டார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. இவர்கள் விட்டுப்போன இடத்துக்கு இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் இளம் குடும்பங்கள் கொழுந்து பறிக்க வருகின்றன. அவர்களிலும் ஆதிவாசிகள் பலர். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு சேலத்திலிருந்து வந்தவர் இருந்த அதே லைன் வீட்டில் இன்று அவர்கள். அவர்களை "வடக்கன்" என்று கேலி பேசுகிற வாய், "சிலோன்காரன்" என்ற சொல் தன்னை எப்படிச் சுட்டது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி என்ன செய்வது?

தோழர்களே, அடுத்த கணக்கெடுப்பு வருகிறது. 2021இல் எடுக்க வேண்டியதை எடுக்காமல் தள்ளிப்போட்டு, 2027 மார்ச் 1ஐக் குறிப்புநாளாக வைத்து எடுப்பதாக 2025 ஜூனில் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். "சாதியை ஒழிக்க வேண்டும் என்கிறீர்கள், பிறகு சாதியை ஏன் எண்ணச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நோயை அளக்காமல் மருந்து கொடுக்க முடியாது. நிலம் யாரிடம், வேலை யாரிடம், லைன் வீடு யாரிடம், பங்களா யாரிடம் என்று தெரிய வேண்டாமா? பண்டிதர் கேட்டது இழிபெயர் வேண்டாம் என்று. எங்களை எண்ணாதே என்று அவர் கேட்கவில்லை.

ஆகவே சில வேலைகளை இன்றே தொடங்க வேண்டும். ஒன்று, லைன் வீடுகளிலும், 17ஆம் பிரிவு நிலத்துக் குடிசைகளிலும், காட்டுக்குள் இருக்கும் ஊர்களிலும் கணக்கெடுப்பாளர் வந்தாரா என்று நம் இளைஞர்கள் கூடவே நின்று பார்க்க வேண்டும். பட்டா இல்லாத வீடு கணக்கிலும் இல்லாத வீடாகிவிடக் கூடாது. இரண்டு, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எங்கே பதிவாகிறார்கள் என்பதைக் குடும்பங்கள் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும், விடுபட்டுவிடக் கூடாது. மூன்று, தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளுக்கு விசாரணையின் அடிப்படையில் சாதிச் சான்றிதழ் கொடுக்க மாவட்ட அளவில் முகாம் நடத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். நான்கு, ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடும் மனையும் பெண் பெயரில் வேண்டும். ஐந்து, தோட்டமும் காடுமாக இருக்கும் பகுதிகளை நகரம் என்று எழுதி வைத்திருப்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆறு, வன உரிமைச் சட்டப்படி தனியுரிமையோடு நிற்காமல் கிராம சபைக்குச் சமூக வன உரிமையும் வழங்க வேண்டும்.

இவையெல்லாம் அரசிடம் கேட்பவை. நமக்குள் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஊட்டி மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு நாள் உபயம் இருப்பதை ஒற்றுமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்வது சமாதானம். அது சமத்துவம் ஆகாது. ஒரே தோட்டத்தில் ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறவர்கள், ஒரே டீக்கடையில் குடிக்கிறவர்கள், கல்யாணம் என்று வரும்போது மட்டும் லைனில் எந்த வரிசை என்று பார்க்கிறார்களே, அந்த இடத்தில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. பள்ளரும் பறையரும் அருந்ததியரும் தங்களுக்குள், படகரும் பழங்குடியும் தலித்தும் தங்களுக்கு இடையே, காதலித்தவர்களை வாழவிடும் மலையாக இது மாறும்போது, "நீலகிரியில் சாதி இல்லை" என்று நாமே தண்டோரா போடலாம். அதுவரை, இங்கே மூன்றில் ஒருவரைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்போம்.